ஆட்டம் விலைபோகாமல் காப்பவர்கள்
(கொடைக்கானலில் உடற்கல்வி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கிறீர்கள். மன்னவனூரிலோ தாண்டிக்குடியிலோ ஒரு பிள்ளையைக் குறுவட்டப் போட்டிக்குத் தயார்ப்படுத்தி, மாவட்டப் போட்டிக்குத் திண்டுக்கல்வரை அழைத்துச் செல்வது எவ்வளவு பாடு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை நாளை பெரிய ஆட்டக்காரராக வளரும்போது, அவருடைய ஆட்டத்தை விலைபேச ஒருவர் வரலாம். அதைத் தடுக்க உலகம் என்ன செய்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

இந்தத் தடுப்பு வேலையில் விளையாட்டு அமைப்புகளுக்குத் துணை நிற்பவை லாட்டரி நிறுவனங்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் மாநிலத்தில் 2003-லேயே லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது. கேரளத்தில் அரசு லாட்டரி உண்டு. ஆனால் அது எண் குலுக்கல் மட்டுமே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கே லாட்டரி நிறுவனங்கள் விளையாட்டுப் போட்டிகளின் முடிவின் மீதும் சட்டப்படி பந்தயப் பணம் வாங்குகின்றன. எந்த ஆட்டத்துக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு பணம் வருகிறது என்பது அவற்றின் கணினியில் தெரியும்.

வழக்கமாக யாரும் கவனிக்காத ஒரு சிறிய கால்பந்துப் போட்டிக்குத் திடீரென்று பெரும் பணம் வந்து குவிகிறது. அதுவும் ஒரே முடிவின் மீது. உடனே அந்த நிறுவனம் மற்ற நாட்டு லாட்டரிகளிடம், ‘உங்களிடமும் இப்படியா?’ என்று கேட்கிறது. பிறகு விளையாட்டு அமைப்பிடம் கேட்கிறது: முக்கிய வீரருக்குக் காயமா, கடைசி நேரத்தில் அணி மாறியதா? நியாயமான காரணம் கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது. கிடைக்காவிட்டால் எச்சரிக்கை எழுத்தில் போகும். நடுவர்களும் அதிகாரிகளும் அந்த ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். தேவையானால் காவல்துறை நுழையும். இதற்காகவே பல நாட்டு லாட்டரிகள் 2015-ல் ஒரு கூட்டுக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கின. ஐரோப்பிய மன்றம் 2014-ல் கையெழுத்துக்கு வைத்த மாகொலின் உடன்படிக்கை 2019-ல் நடைமுறைக்கு வந்தது. அரசு, விளையாட்டு அமைப்பு, பந்தய நிறுவனம் மூன்றும் தகவலைப் பகிர ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பொது மேடை வேண்டும் என்கிறது அது.

நம் மலையில் கோடைக் காட்டுத்தீயை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எதிர் மலையில் இருப்பவருக்குத்தான் புகை முதலில் தெரியும். அணைக்க வேண்டியவர் தீ எரியும் இடத்தில் இருப்பவர். லாட்டரிக்குத் தெரிவது புகை. அது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. அணைப்பது விளையாட்டு அமைப்பின் வேலை. ஒருவர் சொல்லாமல் மற்றவரால் எதுவும் செய்ய முடியாது.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கள்ளப் பந்தயத்தில் புரளும் பணம் எந்த லாட்டரியின் கணினியிலும் தெரியாது. கிரிக்கெட் மீதான பந்தயம் நம் நாட்டில் கள்ளச் சந்தையில்தான் நடக்கிறது. 2000-ல் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோன்யே சிக்கியதும், 2013-ல் ஐபிஎல் வீரர்கள் மூவர் கைதானதும் டெல்லிக் காவல்துறை தொலைபேசி உரையாடல்களைக் கேட்டதால்தான்.

அப்படியானால் நம்மிடம் புகையைப் பார்ப்பவர் யார்? ஆட்டக்காரரேதான். நம் மாவட்டத்து நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் ஆட்டங்கள் நடக்கும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்ததாக 2019-ல் சில வீரர்களே கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் தெரிவித்தார்கள். விசாரணை அதிலிருந்து நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசனுக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. அவர் ஆட்டத்தை விற்றதாகக் குற்றச்சாட்டு இல்லை. தரகர் அணுகியதை உரியவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாமல் இருப்பதும் குற்றம் என்கிறது விதி. ஆனால் சொல்லும் பழக்கம் இருபத்தைந்து வயதில் திடீரென்று வந்துவிடாது. ஆறாம் வகுப்பில் வர வேண்டும். பேரம் எப்படித் தொடங்கும்? முதலில் பாராட்டு. பிறகு ஒரு ஜோடி ஷூ. பிறகு, ‘நாளை யார் விளையாடுகிறார்கள், யாருக்கு அடிபட்டிருக்கிறது?’ என்று சாதாரணமாக ஒரு கேள்வி. ஷூ வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது உதவியாகத்தான் தோன்றும். விவரம் புரியும்போது பயம் வரும். ‘சார் திட்டுவாரோ, அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ’ என்று வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனம்தான் தரகரின் முதலீடு.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ‘சொன்னது நல்லது’ என்று முதலில் சொல்லுங்கள். இரண்டு, பரிசும் ஷூவும் யாரிடமிருந்து வந்தாலும் தலைமையாசிரியர் வழியாகவும் பெற்றோருக்குத் தெரிந்தும் வரட்டும்.

மூன்றாவது நம்மைப் பற்றியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் இறகுப்பந்தில் எட்டு ஆட்டக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காசு எதுவும் கைமாறவில்லை. அடுத்த சுற்றில் வசதியான எதிரணி அமையட்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார்கள். நம் குறுவட்டப் போட்டிகளிலும் ‘இந்த ஆட்டத்தை விட்டுவிடு, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், அதைக் கேட்கும் பிள்ளை ஆட்டத்தை வளைக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. பின்னாளில் ஒருவர் அதற்கு விலை சொல்லும்போது, முதல் பாடம் ஏற்கெனவே முடிந்திருக்கும். வயதுச் சான்றிதழைத் திருத்துவதும் இதே பாடம்தான்.

இலங்கை 2019-ல் சூதாட்ட நிர்ணயத்துக்குப் பத்தாண்டுவரை சிறை என்று சட்டம் இயற்றியது. சட்டம் தவறு நடந்த பிறகு வரும். ஆசிரியர் அதற்கு முன்னரே வந்துவிடுகிறார். தோற்றாலும் முழுதாக ஆடித் தோற்ற அணியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னே அழைத்துக் கைதட்டுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.