அப்பாவின் ஷிப்டு



கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அதை நம்பித்தான் பிழைத்தன. 2001-ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

மாரிகுப்பத்தில் ஒரு பெரியவர். வயது 78. அவருக்கு மட்டும் சுரங்கம் இன்னும் மூடவில்லை. விடியற்காலை 3 மணிக்கே எழுந்துவிடுவார். "சங்கு ஊதிட்டாங்க. சோத்து டப்பா எங்கே?" என்பார். கதவைத் தள்ளுவார்.

அவரை மகள் பார்த்துக்கொள்கிறாள். மருமகன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். இருட்டிய பிறகுதான் வருவார்.

"அப்பா, சுரங்கம் மூடி எத்தனை வருஷம் ஆச்சு!" என்று மகள் உண்மையைச் சொல்வாள். அவருக்குக் கோபம் வரும். "என் வேலையைக் கெடுக்கிறியா?" என்று கத்துவார். ஒருநாள் கையை ஓங்கினார். அவள் தள்ளிவிட்டாள். அவர் கட்டிலில் விழுந்து குழந்தை போல அழுதார். காலையில் அவர் அதை மறந்துவிட்டார். அவளால் மறக்க முடியவில்லை.

இது வயதானால் வரும் சாதாரண மறதி இல்லை. பேய் பிசாசும் இல்லை. மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் நோய். பெரும்பாலும் புதிதாக நடந்தது முதலில் மறக்கும். பழைய நினைவு அதைவிட நெடுநாள் நிற்கும். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

டாக்டர் முதலில் இரத்தம் சோதித்தார். சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் மறதி வரும். அதற்கு மருந்து உண்டு. இவருக்கு அது இல்லை. "வாதம் பண்ணாதீங்க. ஞாபகம் இல்லையான்னு கேட்காதீங்க" என்று டாக்டர் சொன்னார்.

பெற்ற அப்பாவிடம் பொய் சொல்வதா? மகளுக்கு மனசு ஒப்பவில்லை. பல மாதம் ஆனது. ஒருநாள் விடியற்காலை, "இன்னைக்கு லீவுப்பா, காபி குடிங்க" என்றாள். "அப்படியா?" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். "கீழே இறங்கும்போது பயமா இருக்குமாப்பா?" என்று கேட்டாள். பாதாளத்துச் சூட்டைப் பற்றி, வியர்வையைப் பற்றி, கூட்டாளிகளைப் பற்றி விடிகிறவரை சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் அவர் வீட்டில் இவ்வளவு பேசியதே இல்லை.

எல்லா நாளும் இப்படி நடக்காது. சில நாள் கேட்கவே மாட்டார். அப்போது அவளும் கூடவே தெருமுனைவரை நடந்து, பேசிக்கொண்டே திருப்பி அழைத்து வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து தம்பி வருகிறான். அவள் 2 மணி நேரம் தோழி வீட்டுக்குப் போகிறாள். "அப்பனை விட்டுட்டு ஊர் சுத்துறா" என்று பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி வந்து கண்விழித்துப் பார்க்கட்டும்! மனசு தாங்காத இரவில் அவள் 14416-க்குப் போன் செய்கிறாள். 2022 முதல் அரசு நடத்தும் மனநல உதவி எண் அது. காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

போன வாரம் அவர் மகளையே பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார். அவள் கொல்லைக்குப் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு டப்பா கட்டுறவ."

"உப்பு போட்டியா?"

"போட்டேன்பா."

அவர் கை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார்.