வார்டு வாசலில் நாம்
(திருப்பாலைவனம் கூட்டத்தில் பேசியது)



பழவேற்காட்டு ஏரிக் குப்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். தீவுக் குப்பமென்றால் முதலில் படகு. பிறகு பொன்னேரி. அங்கே கைவிரித்தால் சென்னை ஸ்டான்லி. வார்டு வாசலில் துண்டை விரித்து உட்காருகிறோம். டாக்டர் சொன்னதை நமக்குப் புரிகிற தமிழில் சொல்லி, "நீ முதல்ல சாப்பிடும்மா" என்கிறவர் யார்? நர்சுதான்!

கேரளத்துப் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் லினி என்றொரு நர்சு. 2018 மே மாதம், என்ன காய்ச்சலென்றே தெரியாத நோயாளிக்குப் பணிவிடை செய்தார். அது நிபா. மே 21-ந் தேதி லினி மாண்டார். இரண்டு சின்னக் குழந்தைகள்; கணவருக்கு எழுதிய துண்டுச் சீட்டுத்தான் மிச்சம். இத்தனைக்கும் அவர் தற்காலிக ஊழியர்!

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2015-ல் பரீட்சை எழுதித் தேறிய நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். மில்லில் நம்மைப் பதிலியாகவே வைத்திருக்கிறார்களே, அதே கதைதான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள்.

"நோயாளியை விட்டுவிட்டு வந்தார்களே" என்று அன்று நம்மிலும் சிலர் முணுமுணுத்தோம். பிசகு, தோழர்களே! இரண்டு வார்டுக்கு ஒரே நர்சு என்றால், நம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் ஏது?