ஆயுதக் கிடங்கின் பொறுப்பாளர்

போலந்து வரலாற்றில் அலெக்சாண்ட்ரா பில்சுட்ஸ்கா என்ற பெயர் வந்தால், கூடவே ஓர் அடைமொழியும் வந்துவிடுகிறது: நாட்டுத் தலைவர் யோசெப் பில்சுட்ஸ்கியின் இரண்டாம் மனைவி. செய்தி உண்மைதான். 1921 அக்டோபரில்தான் அவர்கள் திருமணம் நடந்தது. முதல் மனைவி மணவிலக்குக்கு இசையாததால், அவர் இறந்த பிறகே அது நடக்க முடிந்தது. அதற்கு முன்பே இரண்டு பெண் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். ஊர் வாய்க்கு இதைவிடப் பெரிய தீனி வேண்டுமா? ஆனால் அந்த அம்மையாரின் வாழ்க்கையைத் திருமணத்திலிருந்து தொடங்கிப் படிப்பது பெரும் பிழை என்பதே என் வாதம்.

ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த சுவால்கி நகரில் 1882-ல் பிறந்தவர் அவர். போலந்து சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து, தலைமறைவு இயக்கத்தின் ஆயுதக் கிடங்குகளைக் கவனித்துக்கொண்டார். அந்த வேலையை எண்ணிப் பாருங்கள். கைத்துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பாவாடைக்கு அடியில் கட்டிக்கொண்டு பெண்கள் ரயிலேறுவார்கள். காவலர் எதிரே நின்றாலும் அந்தக் கனம் முகத்தில் தெரியக்கூடாது. வந்து சேர்ந்த ஆயுதங்களை எங்கே ஒளிப்பது, யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் பொறுப்பாளரின் கவலை. 1906-ல் பில்சுட்ஸ்கியை அவர் சந்தித்ததே இந்த வேலையின் வழியாகத்தான். 1908-ல் பெஸ்டனி நிலையத்தில் ரஷ்ய அஞ்சல் ரயிலை மறித்துப் பணத்தைக் கைப்பற்றிய நடவடிக்கையிலும் அவருக்குப் பங்குண்டு. அதில் இருந்த ஆண்களில் நால்வர் பின்னாளில் பிரதமர் ஆனார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் அலெக்சாண்ட்ராவைக் கைதுசெய்து முகாமில் அடைத்தார்கள்.

"அதெல்லாம் பழைய கதை, விடுதலைக்குப் பிறகு குடும்பம், தொண்டு என்று அடங்கிவிட்டாரே" என்று கேட்கலாம். சுலெயுவெக் ஊரில் இருந்த குடும்ப வீட்டில் குழந்தைகளை வளர்த்தார், ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்தார், மறுக்கவில்லை. ஆனால் 1927-ல் வார்சாவில் ஒரு நூல் வந்தது. 1910 முதல் 1915 வரை விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்த பெண்களின் நினைவுக் குறிப்புகளின் தொகுப்பு அது. தொகுத்தவர்களில் அலெக்சாண்ட்ராவும் ஒருவர். எழுத்தாளர் மரியா டம்ப்ரோவ்ஸ்காவும் உடனிருந்தார். தூது போனவர்களும் உளவு சேகரித்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே, அவர்களைத் தங்கள் வாயாலேயே பேச வைத்தார்கள். போலந்துப் பெண்களுக்கு 1918 நவம்பரிலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. அந்த உரிமைக்குப் பின்னால் இருந்த உழைப்புக்கு இந்த நூல் சாட்சி சொன்னது.

"1926-ல் கணவர் ஆட்சியைக் கைப்பற்றாமல் இருந்தால் இந்த நூல் வந்திருக்குமா?" இது நியாயமான கேள்வி. கணவரின் பெயர் பல கதவுகளைத் திறந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்வோம். திறந்த கதவு வழியாக யாரை உள்ளே அழைத்துவந்தார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். புகழ் ஏதும் தேடிவராத தோழிகளை அழைத்துவந்தார். 1939-க்குப் பிறகு லண்டனில் அகதியாக இருந்து அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளை வாங்கியவர்கள் மார்ஷல் பில்சுட்ஸ்கியின் கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ சுவால்கிச் சிறுமியையும் ஆயுதக் கிடங்குகளையும் சேர்த்தே அதில் எழுதிவைத்தார்.