மண்டபம் பேர்ல ஒரு வெளிச்சம்

இன்னைக்கு நம்ம ஹீரோ விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். பேர் சிஃபாமியா டூபிஃபெர். கார்டினல் மீன் குடும்பம். செங்கடல்ல இருந்து பசிபிக் வரைக்கும் பவளப்பாறைகள்ல இருக்கு. இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி நடந்த இடம், ஜப்பானோட ஒகினாவா.

பகல்ல இது வெளியே சுத்தாது. கடல் முள்ளெலி, அதாங்க சீ அர்ச்சின், அதுல டயடெமான்னு ஒரு வகை. கறுப்பா, ஊசி மாதிரி நீளமான முள். மிதிச்சா உள்ளேயே உடைஞ்சு நிக்கும். அந்த முள்ளுங்களுக்கு நடுவுல இந்த மீன்கள் கும்பலா பதுங்கி இருக்கும். இருட்டினதும் இரை தேடக் கிளம்பி, விடியறதுக்குள்ள திரும்பிடும்.

ராத்திரி இதோட வயிறு மெல்லிசா ஒளிரும். குடலோட ஒட்டின ஒரு சின்ன பை, அதுக்குள்ள ஒளிவிடுற பாக்டீரியா. இரையைப் பார்க்க உதவுதுன்னு ஒரு விளக்கம். கீழே இருந்து பார்க்கிற எதிரிக்கு நிழல் தெரியாம நிலா வெளிச்சத்தோட கலந்துபோகன்னு இன்னொண்ணு.

எனக்குப் பிடிச்ச விஷயம் இனிமேதான். இந்த பாக்டீரியா அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றதில்லை. அப்பா மீன் முட்டைகளை வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்கும். அவ்வளவு நெருக்கம், ஆனா வெளிச்சம் மட்டும் கைமாறாது. குஞ்சு வெளியே வரும்போது பை காலி. அப்புறம்தான் கடல் தண்ணியில இருந்து அதைப் பிடிக்கணும். கடல்ல எத்தனையோ வகை பாக்டீரியா மிதக்குது. ஆனா அந்தப் பைக்குள்ள குடியேறுறது ஒரே ஒரு இனம்!

அதோட பேர் போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். ஆமாங்க, ராமேஸ்வரம் போற வழியில பாம்பன் பாலத்துக்கு முன்னாடி வருமே, அதே மண்டபம்தான். 1970-ல வச்ச பேர். ஒகினாவா மீனோட வயித்துல நம்ம ஊர்ப் பேர் எரிஞ்சுட்டு இருக்கு. அருங்காட்சியக ஜாடியில பல வருஷமா கிடந்த சிஃபாமியா மீன்களோட டி.என்.ஏ.வைப் பார்த்தாங்க. அதுலயும் இதே கூட்டாளிதான்.

இவ்வளவு பிடிவாதமான ஏற்பாடு எனக்குக் கொஞ்சம் பயமாவும் இருக்கு. வெளிச்சத்துக்கு ஒருத்தர், வீட்டுக்கு இன்னொருத்தர். 2023-ல செங்கடலோட வடக்கு முனையில, அகாபா வளைகுடாவுல, ஒரு நுண்ணுயிரித் தொற்றால டயடெமா முள்ளெலிகள் கொத்துக்கொத்தா செத்துச்சு. ரெண்டு நாள்ல முள்ளெல்லாம் உதிர்ந்து, வெறும் ஓடுதான் மிச்சம். விடியக்காலையில அங்கே திரும்பி வர்ற மீன் எங்கே பதுங்கும்?