காப்பிச் செடியும் நிழல் மரமும்

காலைதோறும் நாம் பருகும் காப்பி, பசுமை மாறாத ஒரு குறுஞ்செடியின் கனியினுள் இருக்கும் விதையே. காப்பி வாரியத்தின் தலைமையகம் அமைந்துள்ள இப்பெங்களூரிலும், வீட்டுப் புழக்கடையில் மாமர நிழலில் அதனை வளர்க்கலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மழை பெய்தால் வெண்மலர்கள் பூக்கும். அராபிகாக் கனி சிவக்க எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும்.

நிழலே இச்செடிக்குக் காப்பு. மலைத்தோட்டங்களில் விலையை எண்ணி நிழல் மரங்களை வெட்டுவோர் உளர். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளிலேயே தண்டு துளைக்கும் வண்டு பெரிதும் முட்டையிடும். புழுக்கள் உள்ளே குடைய, செடி வாடி மடியும். அத்தகைய செடியை வேரோடு பிடுங்கி எரிக்குமாறு, பாலெஹொன்னூரில் 1925-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தார் கூறுவர். புதுச்செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை சிறு தோட்டக்காரருக்கு வருவாயும், பழம் பறிக்கச் செல்லும் தமிழர்க்குக் கூலியும் ஏது? ஆதலின், மரத்தை வெட்டுமுன் அதன் நிழலில் வாழ்வோரை எண்ணுதல் நன்று.