ஈர்க்குச்சியில் ஒரு ரயில்வே வேலி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எங்க பூவத்துக்குப் பக்கத்திலே ஓடிய மாயவரம்–தரங்கம்பாடி மீட்டர்கேஜ் ரயில் 1986-ல் நின்றுபோனது. அதை 87-ல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்தேன். 1 மீட்டர் இடைவெளித் தண்டவாளம் இதில் 12 மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஸ்டேஷன் வேலிக்குத் தீக்குச்சி நட்டேன். அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, இது வேலியா, கோட்டையா?" என்றார். கணக்குப் போட்டேன். 2 மில்லிமீட்டர் குச்சி, நிஜத்தில் 17 சென்டிமீட்டர் தடித் தூண்! பிடுங்கிவிட்டு 1 மில்லிமீட்டர் தென்னை ஈர்க்கு நட்டேன். அது 9 சென்டிமீட்டர் கம்பு. நாலடி வேலிக்கு உயரம் 14 மில்லிமீட்டர். கம்பிக்கு, மோட்டார் காயிலில் சுற்றும் மெல்லிய செம்புக் கம்பி.

அளவு சரி; ஆனாலும் புதுசாகவே தெரிந்தது. இரண்டு கம்பைச் சாய்த்து, ஓரிடத்தில் ஆடு புகுந்த மாதிரி கம்பியைத் தொய்யவிட்டேன்.

"இந்தச் சந்துலதாண்டா நாம நுழைஞ்சு ஓடுவோம்!" அக்கா கண் கலங்கிட்டாங்க.

அந்த வேலியை அன்றைக்கு யாரும் அளந்து வைக்கவில்லை. எல்லாம் நினைவிலிருந்து செய்ததுதான். தம்பி தங்கைகளே, இன்றைக்கு நிற்கிற கல்லூரி வேலியை நீங்களாவது டேப் வைத்து அளந்து எழுதி வையுங்க.