தாயின் கவனிப்பும் குட்டியின் பிற்கால நடத்தையும்

பிறந்த சில நாட்களுக்குள் ஓர் உயிர் படும் துன்பம் அது வளர்ந்து முதிர்ந்த பின்னும் அதன் நடத்தையில் தங்கியிருக்குமா என்னும் வினாவை ஆய்வுக்கூட விலங்குகளின் வழியே ஆராயும் முயற்சி 1950களில் வலுப்பெற்றபோது, தொடக்கத்திலேயே எதிர்பாராத ஒரு முடிவு கிடைத்தது. எலிக்குட்டிகளை நாள்தோறும் சில நிமிடங்கள் தாயிடமிருந்து பிரித்து எடுத்து மீண்டும் கூண்டில் விட்டால் அவை அச்சம் மிக்கவையாக வளரும் என்று எண்ணுவதே இயல்பு. ஆனால் அமெரிக்க உளவியலாளர் சீமோர் லெவினின் சோதனைகளில், யாரும் தொடாமல் விடப்பட்ட குட்டிகளைவிட அவ்வாறு எடுத்து விடப்பட்டவையே பிற்காலத்தில் புதிய இடங்களில் துணிவாக உலவின. மாறாக, அப்பிரிவு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாக நீண்டு இரண்டு வாரங்கள் தொடர்ந்தபோது, எல்லா ஆய்வுக்கூடங்களிலும் அல்ல எனினும் பலவற்றில், அஞ்சி ஒடுங்கும் எலிகளே உருவாயின.

இந்த முரணை விளக்கும் தடயம் தாய் எலியின் நாவில் இருந்தது. சிறிது நேரப் பிரிவுக்குப் பின் திரும்பிவரும் குட்டியைத் தாய் வழக்கத்தைவிட மிகுதியாக நக்கிப் பேணுகிறது என்பதைக் கருத்தில் கொண்டு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவருடைய குழுவினரும், இயல்பாகவே அதிகம் நக்கும் தாய்களையும் குறைவாக நக்கும் தாய்களையும் ஒப்பிட்டனர். 1997இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் நெருக்கடியின்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அவற்றின் உடலில் அளவோடு நிற்பதைக் காட்டியது. பிறந்தவுடன் குட்டிகளை இடம் மாற்றி வளர்த்தபோது அவை வளர்ப்புத்தாயின் பாங்கையே பெற்றன என்பதால், இது பரம்பரையால் மட்டும் வருவதன்று என்பதும் தெளிவாயிற்று. மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், அந்த ஹார்மோனை உணர்ந்து அதன் சுரப்பை அடக்க உதவும் ஏற்பிகள் உள்ளன; குறைவாக நக்கப்பட்ட குட்டிகளில் அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவின்மீது மீத்தைல் எனப்படும் சிறு வேதித் தொகுதிகள் ஒட்டி அதன் செயலை மட்டுப்படுத்துகின்றன என்று 2004இல் அக்குழு அறிவித்தது.

குரங்குக் குட்டிகளை மாதக்கணக்கில் முழுத் தனிமையில் அடைத்த ஹாரி ஹார்லோவின் விஸ்கான்சின் சோதனைகள் இத்துறையில் மிகுந்த புகழ் பெற்றவை; முழு இழப்பு கேடு தரும் என்பதை நிறுவ அத்தனை கொடுமை வேண்டியிருந்ததா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. அவற்றைவிட நுட்பமான செய்தியை, தென்னிந்தியச் சாலையோரங்களிலும் கோயில்களிலும் காணப்படும் நாட்டுக்குரங்கைக் கொண்டு நியூயார்க்கில் லியோனார்டு ரோசன்பிளமும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வு தந்தது. ஒரு பிரிவுத் தாய்களுக்கு உணவு எப்போதும் எளிதாகக் கிடைத்தது. மற்றொரு பிரிவு எப்போதும் உழைத்துத் தேட வேண்டியிருந்தது. மூன்றாம் பிரிவுக்கோ எளிமையும் கடினமும் மாறி மாறி வந்தன. மருண்டு தாயை விடாமல் பற்றிக்கொண்டவை, கடின உழைப்புத் தாய்களின் குட்டிகளல்ல, நிலையின்மைக்கு ஆட்பட்ட தாய்களின் குட்டிகளே. அவை வளர்ந்த பின்னும், உடலின் நெருக்கடி வினையைத் தொடங்கிவைக்கும் சி.ஆர்.எஃப். என்னும் பொருள் அவற்றின் மூளைத் தண்டுவட நீரில் மிகுந்திருந்ததை 1996இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது.

கலிபோர்னியாவின் இர்வைனில் டாலி பாரமின் குழு எலிகளிடம் கண்டதும் இதை ஒட்டியதே. கூடமைக்கும் பொருளை மிகக் குறைத்தபோது, தாய் குட்டிகளைக் கைவிட்டுவிடவில்லை; ஆனால் அதன் பேணல் துண்டு துண்டாகி, அடுத்து என்ன நிகழும் என்று கணிக்க இயலாததாயிற்று. அக்குட்டிகள் பின்னர் இனிப்பு நீரில் நாட்டம் குறைந்து, தம்மையொத்த குட்டிகளோடு விளையாடுவதிலும் ஆர்வம் குன்றின. ஆகவே துன்பத்தின் அளவை மட்டும் எடைபோடுவது போதாது, அதன் ஒழுங்கின்மையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் சேர்ந்து சுட்டும் திசை.

இத்தகைய தடங்கள் அழியக்கூடியவையா என்பதற்கு 2002இல் மீனியின் குழு வெளியிட்ட ஆய்வு தெளிவான, ஆனால் இருமுகமுள்ள விடையைத் தந்தது. தாயிடமிருந்து நீண்ட நேரம் பிரிக்கப்பட்ட எலிகளைப் பால்குடி மறந்தபின், பலவகைப் பொருட்களும் துணைகளும் நிறைந்த விசாலமான கூண்டுகளில் வளர்த்தபோது அவற்றின் அச்சமும் ஹார்மோன் மிகுதியும் நீங்கின. எனினும் மூளையில் சி.ஆர்.எஃப். மரபணுவின் மிகைச் செயல்பாடு சற்றும் குறையவில்லை.